ஐந்து அங்குலம்

'டிரெய்லர்' என்றால் நம் ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது சினிமா டிரெய்லர். அதை விட்டால், துறைமுகத்துக்கு கன்டெய்னர் இழுத்துப்போகும் நீளமான லாரி. அமெரிக்காவில் குடும்பஸ்தர்கள் டிரெய்லர் என்று பேசிக்கொண்டால், அது பெரும்பாலும் சக்கரம் வைத்த ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஒரே ஒரு ஆள் நிற்கிற மாதிரி குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். இன்ஜின் மட்டும் இருக்காது. பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் இருக்கும் எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. 17 அடி நீளம், ஒற்றை அச்சு, இரண்டே சக்கரம். ஏற்கெனவே ஒரு குடும்பம் ஆண்டு அனுபவித்துவிட்டு விற்ற வண்டி. அதை 5 அங்குலம் உயர்த்திய கதைதான் இது. வண்டி வேலை என்று ஆண்கள் பக்கத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். இதில் முக்கியமான கேள்வியைக் கேட்டது 71 வயதான என் அம்மா.

வண்டியை எதற்காக உயர்த்த வேண்டும்? இந்த மேற்கு மாநிலங்களில் மத்திய அரசுக்குச் சொந்தமான நிலம் நிறைய. 'பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட்' என்ற துறை பார்த்துக்கொள்ளும் பாலை நிலங்களில், தடை போடாத இடங்களில், பொதுவாக 14 நாள் வரை காசே இல்லாமல் தங்கலாம். தண்ணீர், கரன்ட், கழிப்பறை எதுவும் கிடையாது. எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால், பக்கத்து வண்டி விளக்கு கண்ணில் படாத இருட்டு கிடைக்கும். நம் ஊரில் சின்ன வயதில் மொட்டை மாடியில் படுத்துப் பார்த்த நட்சத்திரங்கள் மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும்.

அங்கே போகும் பாதைதான் பிரச்னை. மண் ரோடு, நடுநடுவே வறண்ட ஓடைகள். பாலம் இருக்காது. ஓடைக்குள் இறங்கி, மறுகரையில் ஏற வேண்டும். டிரக் ஏறிவிடும். டிரெய்லரின் சக்கரங்கள் நடுவில் இருப்பதால், மூக்கு மேலே தூக்கும்போது வால் கீழே போகும். கழிவுநீர் இறக்கும் குழாயும் அதன் வால்வும் எங்கள் வண்டியில் அந்த வாலுக்கு அடியில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஓடையிலும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஒருநாள் அந்தக் குழாய் விரிசல் விட்டது. நாற்றத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

தார் ரோட்டையும், காசு கட்டித் தங்கும் சமதளமான முகாம்களையும் நினைத்தே இந்த மாதிரி வண்டிகளைத் தாழ்வாகச் செய்கிறார்கள். தாழ்வாக இருந்தால் ஏறி இறங்கச் சுலபம், காற்றுக்கும் அவ்வளவாக ஆடாது. அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆசைதான் வேறு பாதையில் போனது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் விஷயம் எளிமையானது. நம் லாரிகளில் இருக்கிற அதே ஸ்பிரிங் பட்டைதான் இதிலும் இருக்கிறது, கொஞ்சம் மெலிதாக. ஊரில் பழைய லாரிப் பட்டையை வாங்கி, பட்டறையில் காய்ச்சி அடித்து அரிவாள் செய்வார்களே, அதே பட்டை. ஒன்றன் மேல் ஒன்றாக நான்கைந்து பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டுக் கோத்திருப்பார்கள். இரண்டு முனைகளும் வண்டியின் சட்டத்தில் தொங்கும். நடுப்பகுதி அச்சோடு யூ போல்ட்டால் இறுகியிருக்கும்.

எங்கள் வண்டியில் அச்சு மேலே, பட்டை அதற்கு அடியில் இருந்தது. தாழ்வான வண்டிகளில் இப்படித்தான். இதை மாற்றி, அச்சைப் பட்டைக்கு அடியில் கொண்டுவந்தால் வண்டி உயரும். எவ்வளவு? அச்சுக் குழாயின் கனம், பட்டை அடுக்கின் கனம், பட்டை உட்காரும் இருக்கைகளின் உயரம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எங்களுடையது 3,500 பவுண்ட், அதாவது சுமார் 1,590 கிலோ தாங்கும் அச்சு. குழாயின் கனம் 2⅜ அங்குலம். எல்லாம் சேர்த்து 5 அங்குலம் வந்தது. ஒரு சாண் கூட இல்லை. ஆனால், ஓடையில் வால் உரசுவதற்கும் உரசாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 5 அங்குலம்தான்.

"அச்சை அப்படியே கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிட்டால் போதாதா?" என்று என் மகள் கேட்டாள். 12 வயது. நல்ல கேள்வி. கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். அச்சுக் குழாய் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும், நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். பாரம் ஏறியதும் அந்த வளைவு நிமிர்ந்து, சக்கரங்கள் செங்குத்தாக நிற்கும். தலைகீழாக மாட்டினால் வளைவும் தலைகீழாகும். சக்கரங்களின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேய்ந்துபோகும். இரண்டாவது, பிரேக். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்களில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று கணக்கு இருக்கிறது. அச்சைப் புரட்டினால் முன்னது பின்னால் போய்விடும். இழுத்துப்போகிற வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால், அச்சு இருந்த வாக்கிலேயே இருக்க வேண்டும். அதன் மேல்பக்கத்தில் பட்டை உட்காருவதற்குப் புதிதாக இரண்டு இருக்கைகளை வெல்டிங் செய்து, பட்டையை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். இதற்கென்றே சாமான்கள் கடையில் செட்டாகக் கிடைக்கின்றன. விலையும் பயமுறுத்துவதில்லை. வெல்டிங்கை மட்டும் அந்தத் தொழிலில் சான்றிதழ் வாங்கிய ஒருவரிடம் கொடுத்துவிடுவது, மற்றதை நாங்களே செய்வது என்று முடிவானது.

அப்போது அம்மா எங்களோடு இருந்தார். அப்பா நாமக்கல்லில் 30 வருடம் லாரி வைத்திருந்தவர். 'பட்டை ஒடிஞ்சு நாக்பூர்ல நிக்குது' என்று நடுராத்திரியில் போன் வந்தால் எழுந்து உட்கார்ந்து பழகியவர் அம்மா. மண்ணில் படுத்து அளவெடுத்துக்கொண்டிருந்த என் கணவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடியில் குனிந்து பார்த்தார்.

"நம்ம லாரிப் பட்டையாட்டவே இருக்குது கண்ணு!" என்று என்னிடம் சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரிடம் கேட்டார், "ஏனுங் மாப்பிள்ளை, வண்டி ஒசந்தா படியும் சேந்து ஒசருமுங்களா?"

"ஆமாங்க அத்தை. படி வண்டியிலதானே மாட்டியிருக்கு."

"சரிங்க," என்றார் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "அடுத்த மாசம் நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க கண்ணு. நான் வீட்டப் பாத்துக்கறேன். எனக்கென்ன, டி.வி. இருக்குது."

பார்த்துக்கொள்வதற்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது? ஆடு மாடா, கோழியா? எனக்குச் சட்டென்று பழைய சங்கதிகள் வரிசையாக ஞாபகம் வந்தன. என் மாமா வீடு மாடிக்கு மாறிய பிறகு, அம்மா அங்கே போவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால், "வெயிலா இருக்குது" என்பார். டவுன் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். "கூட்டமா இருக்குது" என்றார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் மேல்தளத்தில் இருந்தபோது, "பசிக்கல" என்றார். ஒரு தடவைகூட 'மூட்டு வலிக்கிறது, என்னால் ஏற முடியவில்லை' என்று சொன்னதில்லை. டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் அவர் பையில் இருந்தது.

வயதானவர்கள் பலரும் இப்படித்தான். படி உயரமாக இருந்தால் சண்டை போட மாட்டார்கள். வருவதை நிறுத்திவிடுவார்கள். நாமும் 'அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது' என்று சொல்லிக்கொண்டு போய்விடுவோம்.

அன்று சாயங்காலம் டேப்பை எடுத்தோம். மகள் அளந்து சொல்ல, நான் எழுதினேன். டிரெய்லரின் தரை, மண்ணிலிருந்து 22 அங்குலம். வண்டியோடு வந்த மடக்குப் படி 11 அங்குலத்தில் இருந்தது. அதாவது, மண்ணிலிருந்து படிக்கு 11, படியிலிருந்து உள்ளே 11. அந்த 11-க்கே அம்மா கதவோரக் கைப்பிடியைப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்துத்தான் ஏறுவார். வண்டியை உயர்த்திய பிறகு, முதல் அடி 16 அங்குலம் ஆகிவிடும். சாப்பாட்டு மேஜை நாற்காலியின் இருக்கை அதைவிட ஓரிரு அங்குலம்தான் அதிகம். நாற்காலி மேல் ஏறி நிற்பது மாதிரி ஒவ்வொரு தடவையும் ஏற வேண்டும். கைப்பிடியும் 5 அங்குலம் மேலே போயிருக்கும். ராத்திரி எழுந்து வெளியே காலாற நிற்க நினைத்தால், இருட்டில் அந்த 16 அங்குலம் இறங்க வேண்டும்.

வீட்டு மாடிப்படிக்கு என்ன கணக்கு என்று பார்த்தோம். அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதியில், ஒரு படியின் உயரம் 7¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் தேசியக் கட்டட விதித் தொகுப்பு வீடுகளுக்குச் சொல்வதும் 19 சென்டிமீட்டர், அதாவது சுமார் 7½ அங்குலம். மனிதக் கால் எங்கேயும் ஒன்றுதானே!

கணக்குப் போட்டோம். உயர்த்திய பிறகு தரை 27 அங்குலத்தில் இருக்கும். தனியாக நிற்கிற மூன்று படி வைத்தால், மண்ணிலிருந்து உள்ளே போவதற்குள் நான்கு ஏற்றம். 27-ஐ நான்கால் வகுத்தால் 6¾ அங்குலம். வீட்டுப் படியைவிடக் குறைவு. பழைய 11-ஐ விட ரொம்பக் குறைவு. மண் சமமாக இல்லாவிட்டாலும் கால்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற மாதிரி, ஒரு பக்கம் கைப்பிடியோடு இப்படிப் படிகள் கிடைக்கின்றன. வண்டிச் சாமான் வாங்குவதற்கு முன்பாகவே அதை வாங்கினோம். வாசலில் வைத்து, அம்மாவை ஏறி இறங்கச் சொன்னோம். மூன்றாவது தடவை கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கினார்.

"ஊருல ரோட்ட ஒசத்தி ஒசத்திப் போடுறாங்க. ரோடு ஒசந்தா நம்ம வாசல் பள்ளமாயிருது. மழைத் தண்ணி உள்ள வருது. ரோடு போடறவன் நம்ம வாசல அளந்தா போடுறான்?" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. ஊருக்குப் போகிற பையில் என்ன எடுத்து வைப்பது என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேலை ஒரு சனி, ஞாயிறில் முடிந்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியை வண்டியின் சட்டத்தில் வைத்துத் தூக்கினோம். அச்சுக் குழாயில் ஜாக்கி வைக்கக் கூடாது, வளைந்துவிடும். தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்த பிறகுதான் யாரும் உள்ளே போனது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது என்பதை அம்மா நாற்காலியிலிருந்து நாலைந்து தடவை சொன்னார். அப்பாவின் பட்டறை நாட்களில் அவர் பார்த்ததும் கேட்டதும் அந்தக் குரலில் இருந்தது.

துருப்பிடித்த பழைய யூ போல்ட்களை வெட்டி எடுத்தோம். அவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். பிரேக் ஒயர்களைக் கழற்றி, அச்சைக் கீழே இறக்கி, சக்கரங்களைப் பிரித்தோம். வெல்டர் இரண்டு இருக்கைகளும் ஒரே கோட்டில், ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று அளந்து அளந்து பார்த்து, பிறகுதான் நெருப்பைத் தொட்டார். வெல்டிங் ஆறியதும் துரு பிடிக்காமல் பெயின்ட் அடித்தோம். பட்டை அடுக்கின் நடு போல்ட்டைத் திருப்பிப் போட்டோம். அதன் தலை கீழ்நோக்கி இருந்து, இருக்கையில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். அது உட்கார்ந்தால்தான் அச்சு முன்னே பின்னே நகராது. முன்பக்கக் கொக்கியிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் டேப் பிடித்து, தூரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லாவிட்டால் வண்டி நாய் ஓடுவது போலச் சாய்ந்து ஓடும். அச்சு கீழே போனதால் பிரேக் ஒயர்கள் எட்டவில்லை. அவற்றையும் நீட்டினோம்.

வண்டி உயர்ந்தால் மூக்கும் உயரும். டிரக்கில் கொக்கி மாட்டும் பந்து பழைய உயரத்திலேயே இருந்தால், டிரெய்லர் முகத்தைக் கீழே குத்திக்கொண்டு ஓடும். அதனால் பந்தையும் 5 அங்குலம் மேலே ஏற்றி, வண்டி தரைக்குச் சமமாக இருக்கும்படி வைத்தோம். இதில் அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் மூக்கில் உட்கார வேண்டும். குறைந்தால், வேகமாகப் போகும்போது வால் இடதும் வலதுமாக ஆட ஆரம்பிக்கும். சாமான் ஏற்றிய எங்கள் வண்டி 3,000 பவுண்ட் என்பதால், மூக்கில் 300-லிருந்து 450 பவுண்ட் வரை. தண்ணீர் கேன்களை முன்னால் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்று அம்மா சொன்ன இடத்தில் வைத்து, தராசில் பார்த்தோம். சரியாக இருந்தது.

உயரத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை இன்னும் இருக்கிறது. எடை மேலே போனதால் வண்டி முன்பைவிடக் காற்றுக்கு ஆடும். வளைவில் நிதானம் வேண்டும். நிறுத்திய பிறகு ஆடாமல் தாங்குகிற நான்கு மூலை ஜாக்கிகளும் இப்போது தரைக்கு எட்டுவதில்லை. அடியில் வைக்க மரக்கட்டைகளை வெட்டி எடுத்துப்போகிறோம்.

அடுத்த மாதம் நாலு பேருமாக யூட்டா மாநிலத்துக்குப் போனோம். 'வேலி ஆஃப் த காட்ஸ்' என்று பெயர், கடவுள்களின் பள்ளத்தாக்கு. ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் மலையேறி, நவஹோ பழங்குடியினரின் நிலம் வழியாகச் சுமார் 350 மைல். முதல் 50 மைலில் ஓரமாக நிறுத்தி, யூ போல்ட்களையும் சக்கர நட்டுகளையும் மறுபடி முடுக்கினோம். புதிதாகப் பூட்டியது ஓட்டத்தில் கொஞ்சம் தளர்வது வழக்கம். டியூபா சிட்டி தாண்டியதும் பக்கவாட்டில் காற்று தள்ளியது. இவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் 'மோக்கி டக்வே' என்று மலையைக் குடைந்த செங்குத்தான மண் பாதை ஒன்று இருக்கிறது. டிரெய்லர்கள் வேண்டாம் என்று எச்சரிக்கிற பாதை. 5 அங்குலம் உயர்ந்ததால் அதற்குத் தகுதி வந்துவிடவில்லை. அந்தப் பக்கமே போகவில்லை.

பள்ளத்தாக்கின் மண் ரோடு 17 மைல். இரண்டு பக்கமும் சிவப்புக் கல் குன்றுகள், கோபுரம் மாதிரி, நந்தி மாதிரி, குடம் கவிழ்த்த மாதிரி. மழை பெய்தால் வண்டி போக முடியாது, அன்று வானம் சுத்தமாக இருந்தது. முதல் ஓடை வந்தபோது ஜன்னலை இறக்கி, நாலு பேரும் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். டிரக் இறங்கியது, ஏறியது. டிரெய்லர் இறங்கியது. மூக்கைத் தூக்கியது. அந்த 'கர்ர்ர்' வரவில்லை. "போயிருச்சு" என்றார் அம்மா.

மூன்று ராத்திரி அங்கே இருந்தோம். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று மகள் விளையாட்டாக எண்ணினாள். முதல் நாள் 14. காபி போட உள்ளே, காபி டம்ளரோடு வெளியே, சால்வை எடுக்க உள்ளே, பேத்தியைக் கூப்பிட வெளியே. முந்தைய பயணத்தில் காலையில் ஒரு தடவை இறங்கினால், சாயங்காலம்தான் ஏறுவார். நடுவில் எதுவும் வேண்டாம் என்பார். தண்ணீர் கூடக் குறைத்துக் குடித்திருக்கிறார் என்பது இந்தத் தடவைதான் எங்களுக்குப் புரிந்தது.

இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியை உயர்த்த வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், அச்சைத் தயாரித்தவர்கள் இந்த மாற்றத்தை ஒத்துக்கொள்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். வெல்டிங்கைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். வண்டி இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். வீட்டில் புதுத் தரை போடும்போது, வாசல் நிலையை உயர்த்தும்போது, கட்டில் மாற்றும்போது, குளியலறைக்கு மேடை கட்டும்போது, டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே மூத்தவரைக் கூப்பிடுங்கள். அவர் காலைத் தூக்கச் சொல்லி, அந்த உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் அந்த எண் 7. கொத்தனாரிடம் பேசுவதற்கு முன் உங்கள் வீட்டு எண் உங்கள் கையில் இருக்கட்டும்.